வாசலைத் தாண்டாத நாயும் வேலியைத் தாண்டும் நாயும்
வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில், நடைக்கு அழைத்துச் செல்லும் நாயை அதன் போக்கில் சிறிது நேரம் முகரவும் சுற்றவும் விட்டால் அதன் அச்சம் குறையும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. 'காட்டெருமை நிற்கிற ஊரில் நாயை அவிழ்த்துவிடச் சொல்கிறீர்களா?' என்று கோபமாகவே கேட்டவர்களும் உண்டு. கோபம் நியாயமானதுதான், நான் விரித்து எழுதியிருக்க வேண்டும். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கோத்தகிரி வாசகி: ஏழு மாதங்களுக்கு முன் மழையில் நனைந்து கிடந்த ஒரு பெண் நாட்டு நாயை எடுத்து வந்தோம். இரண்டு வயது இருக்கலாம் என்கிறார்கள். வீட்டுக்குள் வாலாட்டுகிறது, மடியில் தலை வைத்துத் தூங்குகிறது. ஆனால் கேட்டைத் தாண்டினால் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. இழுத்தால் சிமெண்டில் நகம் கீறும் சத்தம்தான் கேட்கிறதே தவிர, நகர்வதில்லை. பழகப் பழகப் பயம் போகும் என்று என் கணவர் தினமும் இழுத்துக்கொண்டு போகிறார். இது சரியா, டாக்டர்?

உங்கள் கணவரை முதலில் இழுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். நானும் ஒரு காலத்தில் அதையேதான் செய்தேன். படிப்பை முடித்து மலைக்கு வந்த புதிதில், வீட்டுக்குக் கீழே ஓடைமீது போட்டிருந்த மரப்பாலத்தைக் கடக்க அஞ்சிய என் கறுப்பு நாயை, ஒரு முறை கடந்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்து, கழுத்துப்பட்டையைப் பிடித்து மறுகரைக்கு இழுத்துச் சென்றேன். கடந்தது உண்மைதான். மறுநாள் முதல் அது பாலத்துக்கு அஞ்சியதோடு நில்லாமல், கையில் கயிற்றோடு வருகிற எனக்கும் அஞ்சத் தொடங்கியது. ஆணியில் மாட்டியிருக்கும் கயிற்றை எடுக்கும் ஓசை கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். அந்த ஒரு நிமிட அவசரத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

இழுத்துச் செல்லப்படும் நாய் கற்றுக்கொள்வது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். அது பின்வாங்குகிறது, உடலைத் தாழ்த்துகிறது, முகத்தைத் திருப்புகிறது. தனக்குத் தெரிந்த மொழியில் 'வேண்டாம்' என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்க்கிறது. எதற்கும் பயனில்லை என்று தெரிந்த பிறகு சில நாய்கள் கடிக்கின்றன, பெரும்பாலானவை சொல்வதையே நிறுத்திவிடுகின்றன. அப்படி நிறுத்திவிட்ட நாயைத்தான் நாம் 'பழகிவிட்டது' என்கிறோம். 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களைக் கொண்டு செய்த சோதனைகள் இன்று படிக்கும்போது மனம் கூசச் செய்பவை; தம்மால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய இடத்தில் விட்டபோதும் தப்ப முயலாமல் கிடந்தன. முடங்கிக் கிடப்பதை அவை கற்றுக்கொண்டன என்பதே அன்று சொல்லப்பட்ட விளக்கம். அதே இருவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது உடலின் இயல்பு, 'நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும்' என்பதுதான் உயிர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்றார்கள். உங்கள் நாய்க்கு இப்போது தேவைப்படுவது அந்தப் பாடம்தான். திரும்பி வீட்டுக்குள் ஓட வேண்டும் என்று அது நினைத்தால், ஓட முடிய வேண்டும். திரும்ப முடியும் என்று தெரிந்த நாய்தான் முன்னே அடி வைத்துப் பார்க்கும்.

செய்முறைக்கு வருகிறேன். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் ஒன்றை வாங்கி, முதலில் சில நாள் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டு வேளையில் மாட்டிப் பழக்குங்கள். ஐந்து மீட்டர் நீளத்தில் பருத்திக் கயிறு ஒன்று வேண்டும். பள்ளி வேன்களும் மினி பஸ்ஸும் ஓய்ந்திருக்கும் முற்பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, கயிற்றைத் தளர விட்டபடி, கேட்டுக்கு உள்ளே மூன்று நான்கு அடி தள்ளி ஒரு முக்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். கூப்பிட வேண்டாம், தட்டிக்கொடுக்க வேண்டாம், 'வா வா, ஒண்ணுமில்லடா' என்று தொடர்ந்து பேசவும் வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013-இல் வியன்னா ஆய்வாளர்கள், உணவு ஒளித்து வைத்த பொம்மைகளை நாய்களிடம் கொடுத்து, உரிமையாளர் உடன் இருக்கும்போதும் இல்லாதபோதும் அவை எவ்வளவு நேரம் முயல்கின்றன என்று பார்த்தார்கள். உரிமையாளர் இல்லாதபோது நாய்கள் குறைவாகவே முயன்றன. அவர் இருந்தபோது, உற்சாகமூட்டிப் பேசினாலும் சரி, வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, நாய்கள் நன்றாகவே முயன்றன. முன்பின் தெரியாத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. அம்மாவின் முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு விருந்தாளியை எட்டிப் பார்க்கும் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீங்கள்தான் அந்த முந்தானை. முந்தானை பேச வேண்டியதில்லை, நகராமல் இருந்தால் சரி.

முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நாளோ ஐந்தாம் நாளோ, உங்கள் காலருகே படுத்திருக்கும் நாயின் மூக்கு அசையத் தொடங்குவதைக் காண்பீர்கள். பிறகு எழும், முன்னங்கால்களை மட்டும் எடுத்து வைத்து, பின்னங்கால்களை இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பரைப் போல நீட்டிக் கேட்டின் இரும்புக் கம்பியை முகரும். எந்த நேரமும் பின்னால் பாய்ந்துவிடத் தயாராக இருக்கும் உடல் அது. எங்கோ ஒரு ஸ்கூட்டர் உறுமினால் ஒரே தாவலில் உங்களிடம் திரும்பிவிடும். அப்படித் திரும்புவதைக் கண்டு வருந்தாதீர்கள்; திரும்பிய நாய் சற்று நேரத்தில் மறுபடியும் போகும், இரண்டாம் முறை பெரும்பாலும் ஓரடி கூடுதலாகப் போகும். பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தொடர்ந்து வாசற்படியைத் தாண்டும் நாள்தான் நீங்கள் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டிய நாள்.

கோழித் துண்டைக் கேட்டுக்கு வெளியே நீட்டி ஆசை காட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். ஆசையால் தன் துணிவுக்கு மீறிய தூரம் போய்விட்ட நாய், துண்டை விழுங்கி முடித்த கணத்தில் தான் நிற்கும் இடத்தை உணர்ந்து அலறி ஓடும். அடுத்த முறை கோழியைக் கண்டாலே சந்தேகப்படும். அது தானாகப் போய்த் திரும்பிய பிறகு, உங்கள் காலடியில் இரண்டு துண்டு போடுங்கள். கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்றல், பிடித்த கோழியையே மறுத்தல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு கேட்டை மூடிவிடுங்கள். பத்து நிமிடம் போதும். சில மாதங்களில் அது தெருமுனைவரை போனால் நல்ல வேகம் என்று கொள்ளுங்கள்.

குன்னூர் வாசகர்: காலையில் அரைமணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. அதில் இருபது நிமிடத்தை என் லாப்ரடார் ஒரே கல்லையும் ஒரே விளக்குக் கம்பத்தையும் முகர்வதில் கழிக்கிறது. உடற்பயிற்சி என்னாவது?

நடை யாருக்கு என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள், ஐயா. உங்களுக்கென்றால் தனியாகப் போய்விட்டு வாருங்கள். நாய்க்கென்றால், முகர்வதுதான் அதன் நடை. நமக்கு மணமறியும் ஏற்பிகள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். முகரும்போது நொடிக்கு ஐந்து முறை வரை காற்றை இழுக்கிறது. வெளிவிடும் காற்று மூக்குத்துளையின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போய்விடுவதால், உள்ளே வரும் மணம் கலைவதில்லை. ஒரு நாள் குனிந்து பாருங்கள்: வெயில் காய்ந்த மண்ணில் உங்கள் லாப்ரடார் மூக்கு வைத்த இடத்தில், நடுவில் அசையாத மண்ணும் இரு பக்கமும் விசிறிபோல விலகிய தூசியும் தெரியும்.

2019-இல் சார்லட் டுராந்தன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு குழு நாய்களுக்கு இரண்டு வாரம் மூக்கால் தேடும் விளையாட்டையும், இன்னொரு குழுவுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியையும் கொடுத்தார்கள். இரு குழுவுக்கும் தீனி கிடைத்தது, உரிமையாளரின் கவனமும் கிடைத்தது. பிறகு, உணவு இருக்குமோ இருக்காதோ என்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தபோது, மூக்கால் தேடிப் பழகிய நாய்கள் முன்பைவிட விரைவாக அதை நோக்கிப் போயின. ஒட்டி நடந்து பழகியவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. 'இருக்கும், போய்ப் பார்ப்போம்' என்கிற மனநிலை அது. நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

குன்னூர்ச் சாலைகளின் கொண்டை ஊசி வளைவுகளில் நாய் நின்று ஆராய்ச்சி செய்ய முடியாது என்பதும் உண்மைதான். ஆகவே நடையை இரண்டாகப் பிரியுங்கள். சாலையில் குறுகிய கயிறு, உங்கள் கால் ஓரம். சாலை முடிந்து புல்வெளி வந்ததும் நின்று, கயிற்றை நீட்டி, எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நான் 'போய்ப் பார்' என்பேன். ஒரு மாதத்தில் அந்தச் சொல்லின் பொருள் அதற்குப் புரிந்துவிடும்; புரிந்த பிறகு சாலையில் இழுப்பது தானாகக் குறையும், ஏனென்றால் தன் முறை வரும் என்று அதற்குத் தெரியும்.

கூடலூர் அருகிலிருந்து ஓர் எஸ்டேட் ஊழியர்: எங்கள் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாய்களை யாரும் கட்டுவதே இல்லை. தாமாகச் சுற்றி, தாமாக வீடு திரும்புகின்றன. பட்டணத்து நாய்களைப்போல அவற்றுக்குப் பயமும் கிடையாது, பதற்றமும் கிடையாது. நீங்கள் சொல்லும் 'சுதந்திரம்' எங்களுக்குப் புதிதா?

புதிதில்லை. எஸ்டேட் நாய்கள் எதிரில் வருவது யார், ஒதுங்க வேண்டிய நேரம் எது என்பதைக் கணிக்கும் திறமையைப் பார்த்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கடந்த பத்தாண்டுகளில் உங்கள் லைனில் இருந்த நாய்களில் எத்தனை, கிழடாகிப் பல் விழுந்து இறந்தன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரலே மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. அந்தி முதல் விடியல் வரை வெளியில் இருக்கும் நாய், கட்டியிருந்தாலும் அவிழ்ந்திருந்தாலும், அதன் உணவுப் பட்டியலில் இருக்கிறது. இரவில் வாசலில் கட்டிப்போடுவது இன்னும் மோசம், ஓடக்கூட வழியில்லை. காட்டெருமையின் கதை வேறு. நாய் சும்மா இருந்தால் அது பெரும்பாலும் தன் பாட்டுக்கு மேயும். நாய் போய்க் குரைக்கும்; காட்டெருமை தலையைத் தாழ்த்தும்; துணிவெல்லாம் வடிந்த நாய் நேராக எஜமானரை நோக்கி ஓடி வரும், பின்னாலேயே ஒரு டன் எடையுள்ள காட்டெருமையும் வரும். கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைப் புதர்களுக்கிடையே நிற்கும் இடத்தில் இது நடந்தால் என்னாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரடிக்கும் இதே கணக்குத்தான்.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி பன்றியையும் நாயையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இடுப்பில் கம்பி இறுகி, தோல் அறுந்து, மூன்று நாள் கழித்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்த நாய்களுக்குத் தையல் போட்டிருக்கிறேன். மருந்து தெளித்த தோட்டத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் நாய்க்கு வாயில் நுரை தள்ளும். உண்ணிகள் வழியே வரும் காய்ச்சல் வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேளையாடு என்கிற சிறு மானின் குட்டியையும் முயலையும் துரத்தும் நாய், காட்டுக்கு ஒரு தொல்லை. டிஸ்டெம்பர், ரேபிஸ் போன்ற நோய்கள் நம் நாய்களிடமிருந்து செந்நாய்களுக்கும் பிற காட்டு விலங்குகளுக்கும் தொற்றக்கூடியவை. முதுமலை போன்ற காப்பகங்களுக்குள்ளும், பழனி மலையில் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளும் நாயோடு போகாதீர்கள். உங்கள் எஸ்டேட் எல்லையில், பகல் வெளிச்சத்தில், தடுப்பூசி போட்ட நாயை, பத்து மீட்டர் கயிற்றோடு நீங்கள் உடன் நடக்க அழைத்துச் செல்லுங்கள். அது அனுபவிக்கும் உலகம் சிறுத்துவிடாது, வயதுதான் கூடும். இரவில் வீட்டுக்குள் ஒரு சாக்கு விரித்துப் படுக்க விடுங்கள்.

கொடைக்கானல், வில்பட்டி வாசகர்: என் சிப்பிப்பாறை நாயை ஏரிக்கு அப்பால் புல்வெளியில் அவிழ்த்துவிட்டேன். எதையோ கண்டு ஓடி, மஞ்சு இறங்கியதும் காணாமல் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகவே வந்தது. கோபத்தில் இரண்டு அடி வைத்தேன். கூப்பிட்டால் வருவதற்கு என்ன வழி?

அந்த இரண்டு அடியை எதற்கு வாங்கினோம் என்று அது எப்படிப் புரிந்துகொண்டிருக்கும்? ஓடியது இரண்டு மணி நேரத்துக்கு முன்பு. அடி விழுந்தது உங்களிடம் வந்து சேர்ந்த கணத்தில். உங்களிடம் வந்தால் அடி விழும் என்பதே அது கற்றுக்கொண்ட பாடம். அடுத்த முறை இருபதடி தள்ளி நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும், கிட்டே வராது. எவ்வளவு கோபம் இருந்தாலும், திரும்பி வந்த நாயை வாயாரப் பாராட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலையணையை அடித்துக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை, தென்மாவட்டச் சமவெளிகளில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். ஓடுவதைக் கண்டால் ஓடும். அந்த நேரத்தில் அதன் காதில் உங்கள் குரல் விழாது. ஆகவே பயிற்சியை அது ஓடும்போது தொடங்காதீர்கள், அடுப்பங்கரையில் தொடங்குங்கள். இதுவரை கூப்பிட்ட சொல் கெட்டுப்போய்விட்டது. புதிதாக ஒரு சொல்லையோ சீழ்க்கையையோ வைத்துக்கொண்டு, அது கேட்கும் ஒவ்வொரு முறையும் ஈரலோ முட்டையோ கிடைக்கும் என்று பழக்குங்கள். பிறகு முற்றம், பிறகு தெரு, அதன் பிறகே புல்வெளி. அங்கேயும் ஹார்னஸில் கட்டிய பத்து மீட்டர் கயிற்றோடு. நீளக் கயிற்றை ஒருபோதும் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள்: முழு வேகத்தில் ஓடும் சிப்பிப்பாறை கயிறு முடியும் இடத்தில் நின்றால் கழுத்து எலும்பு தாங்காது. நைலான் கயிறு உங்கள் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நாயை நாம் கூப்பிடுவதே விளையாட்டை முடித்து வீட்டுக்குக் கிளம்பும்போதுதான். வருவது என்றால் சந்தோஷம் முடிவது என்று அது கணக்குப் போட்டுவிடுகிறது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை, தீனி கொடுத்து, காதைத் தடவி, 'போய்ப் பார்' என்று மறுபடி அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்தாலும் சுற்றுவது தொடரும் என்று நம்பும் நாய் திரும்பி வருவதற்குத் தயங்காது. இப்படிப் பழக்கிய நாய், ஒரு கட்டத்தில் நீங்கள் கூப்பிடாமலே பத்து அடிக்கு ஒருமுறை திரும்பி உங்களைப் பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பார்வை வந்த பிறகும், மஞ்சு இறங்கும் ஊரில் வேலியில்லாத வெளியில் சிப்பிப்பாறையைக் கயிறில்லாமல் விட நான் துணியமாட்டேன். ஹார்னஸில் ஒரு சிறிய மாட்டுமணியைக் கட்டிவிடுங்கள். கண்ணுக்கு மறைந்தாலும் காதுக்குத் தெரியும்.

லவ்டேல் வாசகி: எங்கள் குட்டிக்கு ஒன்பது வாரம். தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை, அதாவது நான்கு மாதம் ஆகும்வரை, தரையில் விடவே கூடாது என்கிறார் ஒருவர். அதற்குள் உலகத்தைக் காட்டாவிட்டால் பயந்தாங்கொள்ளி ஆகிவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதும் சரி. இருவரும் பாதிதான் சொல்கிறார்கள். குட்டி மூன்று வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை காணும் ஆட்களையும் ஓசைகளையும் தரைகளையும் வாழ்நாள் முழுவதும் 'தெரிந்தவை' என்ற கணக்கில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கதவு மூடிய பிறகு காண்பவற்றைப் பழக்கப் பல மடங்கு பாடுபட வேண்டும். அதே சமயம், குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மலைக்குளிரும் அதற்குத் தடையில்லை.

ஆகவே மற்ற நாய்கள் நடமாடும் தெருவிலும் சந்தையிலும் இறக்கிவிடாதீர்கள். கூடையில் துணி விரித்துத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் ஊர் வழியாக மலை ரயில் போகிறதே, முதலில் தொலைவிலிருந்து அதன் ஓசையைக் கேட்கட்டும், நாளடைவில் சற்று அருகில். வீட்டுக்குள் தகரத்தட்டு, ஈரச்சாக்கு, காய்ந்த கற்பூர மர இலைகள், மரச்சட்டம் என்று விதவிதமான தரைகளை விரித்து, அதன் மீது ஏறுவதா வேண்டாமா என்பதைக் குட்டியிடமே விட்டுவிடுங்கள். தூக்கி வைக்காதீர்கள். தடுப்பூசி போட்ட, நோயில்லாத ஒரு பெரிய நாய் உறவினர் வீட்டில் இருந்தால் அங்கே அழைத்துச் செல்லலாம். பார்வோவுக்கான ஊசிகளைப் பதினாறு வாரம் வரை விடாமல் போடுங்கள். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. வெறிநாய்க்கடிக்கு மருந்து தர 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் அமைந்த மாவட்டம் நம்முடையது. இங்கே அந்த ஊசியை மறந்தேன் என்று சொல்வது அழகில்லை.

ஊட்டி வாசகர்: எங்கள் வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் தோட்டம். நாள் முழுவதும் நாய் அதில்தான் இருக்கிறது. வெளியே வேறு அழைத்துப் போக வேண்டுமா?

வேண்டும். எவ்வளவு பெரிய தோட்டமும் பத்தாம் நாளில் அதற்கு நான்கு சுவர்தான். வேலியோரம் ஓடி ஓடி மண்ணில் ஒரு தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அது சலிப்பின் தடம். தோட்டத்தில் எக்காளம்போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூக்களைக் கொண்ட செடி இருந்தால் அகற்றிவிடுங்கள். ஊமத்தையின் உறவு அது, முழுச்செடியும் நஞ்சு. விருந்தினர் வாங்கி வைக்கும் ஊட்டி சாக்லெட்டையும் மூக்குக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சாக்லெட் நாய்க்கு விஷம். கறுப்பு சாக்லெட் இன்னும் கொடியது.

குன்னூரிலிருந்து எழுபது வயது வாசகி: என் நாய்க்குப் பன்னிரண்டு வயது. கண்ணில் புரை விழுந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. முன்பு ஏறி இறங்கிய படிகளில்கூட இப்போது நடுங்குகிறது, ஒரே மூலையில் படுத்திருக்கிறது. என்னாலும் சரிவில் நடக்க முடிவதில்லை. நாங்கள் இருவரும் என்ன செய்ய?

அம்மா, முதலில் ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள். சில புரைகளை அறுவையால் நீக்க முடியும், நீக்க முடியாவிட்டாலும் வலி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்றபடி, நமக்குக் கண் போனால் உலகமே இருண்டுவிடும். நாயின் உலகம் பாதிக்குமேல் மூக்கில் இருக்கிறது. அந்தப் பாதியை நீங்கள் வீட்டுக்குள்ளேயே அகலப்படுத்தலாம்.

நாற்காலி, மேசை, தண்ணீர்க் கிண்ணம் எதையும் இனி இடம் மாற்றாதீர்கள். படிகளின் தொடக்கத்தில் ஒரு துண்டுச் சாக்கைப் போட்டுவையுங்கள். பாதம் சாக்கைத் தொட்டதும் படி வருகிறது என்று புரிந்துகொள்ளும். தொடுவதற்கு முன் பேசுங்கள், தூக்கத்தில் தொட்டுத் திடுக்கிட வைக்காதீர்கள். மதிய உணவைக் கிண்ணத்தில் வைப்பதற்குப் பதிலாக, மளிகைக்கடை அட்டைப்பெட்டிகள் நான்கைத் திறந்தபடி கூடத்தில் வைத்து, உள்ளே கசக்கிய காகிதங்களுக்கு நடுவே உணவைப் பிரித்துப் போடுங்கள். முதல் நாள் எளிதாக, ஒரே பெட்டியில். வெளியிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு சீகை மரப்பட்டை, ஒரு கைப்பிடி காய்ந்த தேயிலைச் சருகு, ஆட்டுக்காரர் வீட்டு வைக்கோல் என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தரையில் வையுங்கள். மருந்து தெளித்த தோட்டத்துச் சருகாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அருகில் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். எந்தப் பெட்டி என்று சுட்டிக்காட்டவோ தலையைப் பிடித்துத் திருப்பவோ வேண்டாம். முட்டிக்கொள்ளும், தவறான பெட்டியில் நுழையும், கண்டுபிடிக்கும்போது வால் அசையும். பதினைந்து நிமிடத்தில் களைத்துப் படுத்துவிடும். கிழிந்த அட்டைகளைக் கூட்ட ஒரு துடைப்பத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.